45 விழுக்காடா, 2050 சுழியமா, உச்சவரம்பா? அரசிடம் எந்த இலக்கைக் கேட்பது

ஆறாம் படிவம் படிக்கும் பெண் ஒருத்தி போன மாதம் சிலாங்கூரின் காப்பார் ஊர் ஒட்டுக்கடையில் என்னை நிறுத்திக் கேட்டாள். "அக்கா, நம்ம நாடு கார்பனை 45 விழுக்காடு குறைக்கும்னு பாடத்துல இருக்கு. 2050-ல சுழியம்னும் இருக்கு. இப்ப புதுசா 15-லேருந்து 30 மில்லியன் டன்னுன்னு சொல்றாங்க. மூணும் ஒண்ணா, வேற வேறயா? எதைக் கேக்கறது நல்லது?"

இந்தக் குழப்பம் அவளுக்கு மட்டும் இல்லை. பருவநிலை மாற்றச் சட்ட மசோதாவுக்காக 2024-இல் மலேசிய அரசு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டதிலிருந்து, என்ன எழுதுவதென்று தெரியாமல் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சிறுதோட்டக்காரர் ஒருவர், தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர், மின்நிலையத்தில் குத்தகை வேலை பார்க்கும் ஒரு தம்பி. இந்த ஊர்க்காரர்களுக்கு இது தூரத்து விஷயம் இல்லை. கடற்கரைப் பக்கம் சுல்தான் சலாவுடின் அப்துல் அசிஸ் மின்நிலையத்தின் புகைபோக்கிகள் நிற்கின்றன. நிலக்கரியிலும் எரிவாயுவிலும் எண்ணெயிலும் ஓடுவதற்கென்று கட்டிய நிலையம் அது. இந்தப் பக்கம் திரும்பினால் செம்பனை, ஆலை, ஆலைக்குப் பின்னால் கழிவுக்குளம். கோலாலம்பூரில் வைக்கும் இலக்கு எதுவானாலும் அது வந்து இறங்கும் ஊர்களில் நம் ஊரும் ஒன்று.

முதலில், எதை வைத்து அளப்பது

அம்மா பால்மரம் வெட்டிய காலத்தில், பால் கொட்டாயில் கிராணி வாளியைத் தராசில் வைப்பதோடு விடமாட்டார். மெட்ரோலாக் என்ற கண்ணாடிக் குழாயைப் பாலுக்குள் மிதக்க விடுவார். பாலில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று அது காட்டும். தண்ணீர் கலந்த நாளில் வாளி கனக்கும், ரப்பர் குறைவாக இருக்கும். தராசு ஒன்று சொல்லும், குழாய் இன்னொன்று சொல்லும். அம்மா இரண்டையும் எட்டிப் பார்ப்பார். அன்றைய சம்பளம் எந்தக் கணக்கில் எழுதப்படுகிறது என்று தெரியாமல் அங்கிருந்து நகரமாட்டார்.

அரசின் இலக்கையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். எண் பெரிதா சிறிதா என்பது அப்புறம். எதை அளக்கும் எண் அது என்பது முதலில். நான் ஐந்து கேள்விகள் கேட்பேன்.

காற்றுக்குப் போகும் மொத்தம் உண்மையிலேயே குறையுமா? அரசுக்கு வெளியே இருக்கும் ஒருவர் அதைச் சரிபார்க்க முடியுமா? இப்போது பதவியில் இருப்பவர்கள் அதற்குப் பதில் சொல்ல வேண்டி வருமா? செலவு யார் தலையில் விழும்? பொருளாதாரம் ஏறினாலும் சரிந்தாலும் அந்த இலக்குக்கு அர்த்தம் இருக்குமா?

எனக்கு முதல் கேள்வியும் நான்காவது கேள்வியும் மற்றவற்றைவிட முக்கியம். முதலாவதில் தோற்றால் இலக்கு வைத்தே பயன் இல்லை. நான்காவதில் தோற்றால் மக்களே அதை எதிர்ப்பார்கள். அடுத்த தேர்தலோடு அது போய்விடும்.

அடர்வு இலக்கு: வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) எவ்வளவு கார்பன்

அந்தப் பெண் சொன்ன 45 விழுக்காடு இதுதான். 2015-இல் மலேசியா முதலில் கொடுத்த உறுதிமொழியில் 35 விழுக்காடு சொந்த முயற்சி, மீதி 10 விழுக்காடு வெளிநாட்டு உதவி கிடைத்தால். 2021-இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டு, 45-ஐயும் நாமே செய்கிறோம் என்று அறிவித்தார்கள். ஆண்டு 2030, ஒப்பிடும் ஆண்டு 2005. ஆனால் குறைவது மொத்தக் கார்பன் இல்லை. நாட்டு உற்பத்தியில் ஒவ்வொரு வெள்ளிக்கும் வெளியாகும் கார்பன்தான் குறைகிறது. 2005-இல் 1,000 வெள்ளி உற்பத்திக்கு 531 கிலோ வெளியானது. அதை ஏறக்குறைய 292 கிலோவுக்குக் கொண்டுவர வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு ஒட்டுக்கடை ரசீதின் பின்பக்கத்தில் நான் போட்டுக் காட்டிய கணக்கு இது. நாட்டு உற்பத்தி இரண்டு மடங்காகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

| | 2005 | இலக்கு எட்டிய ஆண்டு |
|---|---|---|
| நாட்டு உற்பத்தி | 100 | 200 |
| ஒரு வெள்ளிக்குக் கார்பன் | 100 | 55 |
| மொத்தக் கார்பன் | 100 | 110 |

இலக்கு நூற்றுக்கு நூறு நிறைவேறிவிட்டது. மொத்தக் கார்பனோ 10 விழுக்காடு கூடியிருக்கிறது. இரண்டும் உண்மை. அவள் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப பேப்பர்ல 'சாதித்தோம்'னு போட்டா அது பொய்யில்லையா அக்கா?" பொய் இல்லை. ஆனால் அது வாளியின் எடையைச் சொல்லும் கணக்கு, ரப்பரின் கணக்கு இல்லை.

இதன் மறைந்த செலவு அங்கேதான் இருக்கிறது. தொழிற்சாலையை விட வங்கியும் சுற்றுலாவும் வேகமாக வளர்ந்தால், ஒரு புகைபோக்கியைக்கூட மூடாமல் அடர்வு குறையும். பொருளாதாரம் சரியும் ஆண்டில் இதற்கு நேர்மாறாக நடக்கலாம்: ஆலைகள் பாதி ஓடும், மொத்தம் குறையும், வெள்ளிக்கணக்கில் அடர்வு ஏறிவிடும். நல்லது நடந்த ஆண்டில் இலக்கு தவறியதாகக் காட்டும்.

ஆனால் இதை ஒரேயடியாகத் தள்ளிவிடுவது நியாயம் இல்லை. மின்சாரமே முழுதாய்ப் போய்ச் சேராத ஊர்கள் உள்ள நாட்டில், இன்னும் எவ்வளவு வளர வேண்டும் என்று யாருக்கும் தெரியாத நிலையில், மொத்தத்துக்குப் பூட்டுப் போடுவது ஏழையின் வீட்டு விளக்குக்குப் போடும் பூட்டு. இந்தியா 2030-க்கு அடர்வு இலக்கு வைத்திருப்பதற்குப் பின்னால் இந்த நியாயம் இருக்கிறது. வளர்ச்சியின் தொடக்கத்தில் இருக்கும் நாடு, புள்ளிவிவரம் இன்னும் தேறாத நாடு, முதல் முறை இலக்கு வைக்கும் அரசு, இவர்களுக்கு இது சரியான தொடக்கம். மலேசியா அந்த நிலையைத் தாண்டிவிட்டது என்பது என் கருத்து.

தூர ஆண்டு இலக்கு: 2050-இல் நிகர சுழியம்

2021 செப்டம்பரில் 12-ஆவது மலேசியத் திட்டத்தைத் தாக்கல் செய்தபோது அன்றைய பிரதமர் இஸ்மாயில் சப்ரி, விரைவாக என்றால் 2050-இல் கார்பன் சமநிலையை, அதாவது வெளியிடுவதில் உறிஞ்சப்படுவதைக் கழித்தால் மிச்சம் சுழியம் என்ற நிலையை, எட்டும் நோக்கத்தை அறிவித்தார். இந்தியா 2070, சீனா 2060 என்று சொல்லியிருக்கின்றன.

தூர ஆண்டுக்கு ஒரு பலம் உண்டு. 40 ஆண்டு ஓடக்கூடிய மின்நிலையத்துக்கு இன்று கடன் கொடுக்கும் வங்கி 2050-ஐ நினைத்துப் பார்த்துத்தான் ஆக வேண்டும். புதிய நிலக்கரி நிலையம் இனி இல்லை, 2044-க்குள் நிலக்கரியிலிருந்து வெளியேறுவோம் என்ற முடிவுகளுக்குப் பின்னால் இந்தத் தூர ஆண்டின் அழுத்தம் இருக்கிறது.

பலவீனம் 'நிகர' என்ற சொல்லில் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுக்கான தேசியக் கணக்கில் மலேசியா வெளியிட்டது ஏறக்குறைய 330 மில்லியன் டன் கார்பன் டையாக்சைடுக்கு இணையான வாயு. காடும் நிலமும் உறிஞ்சியதாகக் கழித்தது ஏறக்குறைய 214 மில்லியன் டன். மூன்றில் இரண்டு பங்கு கணக்கிலேயே கழிந்துவிடுகிறது. காட்டைக் காப்பாற்ற இது தூண்டுதலாக இருந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் காடு இருக்கிறதே என்று புகைபோக்கியை விட்டுவைக்கவும் இதே கணக்கு இடம் கொடுக்கிறது. புகைபோக்கியிலிருந்து போனது போனதுதான். காடு சேர்த்து வைத்தது ஒரு வறட்சியில், ஒரு தீயில் திரும்பி வந்துவிடும். வட சிலாங்கூரில் காம்புட் மண் (சதுப்பில் மக்கிச் சேர்ந்த கரிமண்) எரிந்த நாட்களில் துணி காயப்போட முடியாமல் இருந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, பதில் சொல்லும் பொறுப்பு. இன்று கையெழுத்துப் போடுபவர்களில் எத்தனை பேர் 2050-இல் பதவியில் இருப்பார்கள்? ஜெர்மனியில் இதுவே வழக்காக நீதிமன்றம் போனது. 2021-இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம், பருவநிலைச் சட்டத்தில் 2030-க்குப் பிறகான குறைப்பு போதிய அளவு விவரிக்கப்படவில்லை, பெரிய சுமை இளையவர்கள் மேல் தள்ளப்படுகிறது, அது அவர்களுடைய உரிமையைப் பாதிக்கிறது என்று தீர்ப்புச் சொன்னது. அரசு உடனே 2030 இலக்கை 65 விழுக்காட்டுக்கு உயர்த்தி, சமநிலை ஆண்டையும் 2045 என்று முன்னுக்குக் கொண்டுவந்தது. வழக்குப் போட்டவர்களில் இளைஞர்களும் இருந்தார்கள். அந்த ஆறாம் படிவப் பெண்ணுக்கு நான் இதைச் சொன்னபோது அவள் கண் விரிந்ததைப் பார்க்க வேண்டும்.

திசை காட்ட, நீண்டகால முதலீட்டை வழிப்படுத்த, தூர ஆண்டு நல்லது. தனியாக அதை மட்டும் வைத்தால், வேலை எப்போதும் அடுத்தவருக்குத்தான்.

மொத்த உச்சவரம்பு: இத்தனை டன், அதற்கு மேல் இல்லை

இதில் சுற்றிவளைப்பு குறைவு. நாடு இந்த ஆண்டில் இத்தனை டன் வரை வெளியிடலாம், அவ்வளவுதான். சிங்கப்பூர் 2030-க்கு ஏறக்குறைய 60 மில்லியன் டன் என்று எண்ணாகவே சொல்லியிருக்கிறது. ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருக்கும் ஆளும் அறிக்கையைப் பார்த்து, தாண்டினார்களா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

இதன் சிறந்த வடிவம் பிரிட்டன் 2008-இல் சட்டமாக்கியது. ஐந்தைந்து ஆண்டுக்கு ஒரு கார்பன் வரவுசெலவு. அந்த ஐந்தாண்டில் மொத்தமாக இவ்வளவுதான் செலவழிக்கலாம். ஒரு வருடம் கூடினால் அடுத்த வருடம் குறைக்க வேண்டும். அரசைக் கண்காணிக்கத் தனியாக ஒரு நிபுணர் குழு. அது நாடாளுமன்றத்துக்கே நேராக அறிக்கை கொடுக்கும். முதலில் 2050-க்கு 80 விழுக்காடு குறைப்பு என்று இருந்ததை 2019-இல் நிகர சுழியமாக மாற்றினார்கள். நிலக்கரியில் தொழில்புரட்சியையே நடத்திய அந்த நாட்டில் கடைசி நிலக்கரி மின்நிலையம் 2024 செப்டம்பரில் மூடப்பட்டது. ஐந்தாண்டு என்பது கிட்டத்தட்ட ஒரு தேர்தலுக்கும் அடுத்த தேர்தலுக்கும் உள்ள இடைவெளி என்பதால் எனக்கு இது பிடிக்கும். தவறியவரை வாக்காளர் கேட்கலாம்.

ஆனால் இங்கேயும் ஓட்டைகள் உண்டு. எந்த ஆண்டோடு ஒப்பிடுவது என்பது மிகப் பெரிய ஓட்டை. கியோட்டோ என்ற பன்னாட்டுப் பருவநிலை உடன்பாட்டில் ரஷ்யாவுக்கு 1990 அளவைத் தாண்டக் கூடாது என்பதுதான் இலக்கு. சோவியத் உடைந்து தொழிற்சாலைகள் மூடியதால் அந்த அளவுக்கு வெகு கீழே ஏற்கெனவே இறங்கியிருந்தது. ஒன்றும் செய்யாமலே இலக்கு நிறைவேறி, மிச்சமும் கிடைத்தது. அதே உடன்பாட்டில் 6 விழுக்காடு குறைப்பதாகச் சொன்ன கனடா, எட்ட முடியாதென்று தெரிந்ததும் 2011-இல் விலகுவதாக அறிவித்துவிட்டது. வாக்கு மட்டும் இருந்தால் போதாது, உள்நாட்டுச் சட்டம் வேண்டும் என்பதற்கு அதுவே சாட்சி.

நம் புதிய வாக்குறுதியையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். 2025-இல் மலேசியா அடர்வுக் கணக்கிலிருந்து மொத்தக் கணக்குக்கு மாறியது பெரிய முன்னேற்றம், மனதாரச் சொல்கிறேன். 2035-க்குள் 15 முதல் 30 மில்லியன் டன் வரை குறைப்போம் என்கிறார்கள். ஆனால் குறைப்பது எங்கிருந்து என்று கேளுங்கள்: வெளியேற்றம் உச்சத்தைத் தொடும் அளவிலிருந்து. உச்சம் எவ்வளவு உயர்ந்தாலும் அதிலிருந்து 30 இறங்கினால் இலக்கு நிறைவேறும். மலையின் உயரத்தைச் சொல்லாமல் இறங்கும் படிகளை மட்டும் எண்ணுவது போல. எனவே மொத்த வரம்பு கேட்பவர்கள், உச்சம் இத்தனை டன்னுக்கு மேல் போகாது என்ற எண்ணையும் சட்டத்தில் எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும். இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு போவதாக இருந்தால், இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் செலவு. மொத்தத்துக்கு வரம்பு வந்தால் கார்பனுக்கு விலை வரும். இரும்பு எஃகு, எரிசக்தித் துறைகளுக்கு 2026-க்குள் கார்பன் வரி என்று 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். மின்சாரம் விலை ஏறினால் தாமானில் குளிர்சாதனம் போட்டவருக்கும் தோட்டத்து வீட்டில் ஒரு காற்றாடி வைத்திருப்பவருக்கும் ஒரே வலி இல்லை. வசூலாகும் பணம் யாரிடம் திரும்பி வரும் என்று எழுதாத வரம்பை நான் ஆதரிக்கமாட்டேன்.

துறைவாரி, வாயுவாரி இலக்கு: குளத்தை மூடு

பெரிய எண்களைப் பேசும்போது இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எனக்கு இதுதான் கண்ணால் பார்த்தது.

செம்பனை ஆலையின் கழிவுக்குளத்துக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறீர்களா? தண்ணீர் கட்டிக் காப்பி நிறத்தில் இருக்கும். மேலே எண்ணெய்ப் படலம், அதற்குள்ளிருந்து குமிழி குமிழியாக வந்து உடைந்துகொண்டே இருக்கும், பகலிலும் இரவிலும். சட்டையில் ஏறிய நாற்றம் வீடு வரை வரும். அந்தக் குமிழியில் பாதிக்கு மேல் மீத்தேன். நூறு ஆண்டுக் கணக்கில் அது கார்பன் டையாக்சைடைப் போல் ஏறக்குறைய 28 மடங்கு சூடாக்கும். இருபது ஆண்டுக் கணக்கில் 80 மடங்குக்கும் மேல். ஒரு டன் பழக்குலை அரைத்தால் குளத்திலிருந்து ஏழெட்டுக் கிலோ மீத்தேன் கிளம்பலாம். 28-ஆல் பெருக்குங்கள்: 200 கிலோ. பத்து டன் ஏற்றிய ஒரு லாரி ஆலைக்குள் நுழைந்தால், பின்வாசல் குளத்திலிருந்து 2 டன் கார்பனுக்கு இணை.

இதைப் பிடிப்பது தெரியாத வித்தை இல்லை. குளத்தின் மேல் தடித்த கருப்பு விரிப்பைப் போட்டு மூடுகிறார்கள். உள்ளே வாயு சேர்ந்து அது பெரிய அப்பம் போல உப்பி நிற்கும். அந்த வாயுவை எரித்து மின்சாரம் எடுக்கலாம். 2014 ஜனவரி முதல், புதிய ஆலைகளும் கொள்ளளவைக் கூட்ட விரும்பும் ஆலைகளும் இந்த வசதியை வைத்தாக வேண்டும் என்று மலேசிய செம்பனை வாரியம் விதித்தது. கூட்ட விரும்பாத பழைய ஆலை? அங்கே குமிழி வந்துகொண்டுதான் இருக்கிறது.

மீத்தேன் காற்றில் ஏறக்குறைய 12 ஆண்டுதான் தங்கும். இன்று பிடித்தால் நம் வாழ்நாளிலேயே பலன் தெரியும். 2021-இல் 2030-க்குள் மீத்தேனை உலக அளவில் 30 விழுக்காடு குறைக்கும் உறுதிமொழியில் மலேசியாவும் சேர்ந்தது. நியூசிலாந்து தன் பால்பண்ணைகளை மனதில் வைத்து மீத்தேனுக்குத் தனி இலக்கையே சட்டத்தில் எழுதியது. நம்மால் ஏன் ஆலைக் குளங்களுக்கு ஓர் எண் எழுத முடியாது?

கரிமண்ணிலும் இப்படித்தான். வடிகால் வெட்டிச் செம்பனை நட்ட காம்புட் நிலத்திலிருந்து ஹெக்டருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 40 டன் கார்பன் டையாக்சைடு போகிறது என்பது பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு நிபுணர் குழுவின் (IPCC) கணக்கு. வாய்க்காலில் தடுப்புப் போட்டு நீர்மட்டத்தை 40 முதல் 60 சென்டிமீட்டர் ஆழத்தில் நிறுத்தினால் கசிவு குறையும், தீயும் குறையும்.

குறை என்னவென்றால், துறைவாரி இலக்கு பக்கத்து வீட்டைப் பார்க்காது. எல்லாரும் மின்கார் வாங்கினால் போக்குவரத்துத் துறை இலக்கை எட்டிவிடும். அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால் புகை வேறு துறையின் கணக்கில் ஏறும். பெரிய நிறுவனம் மில்லியன்களைச் செலவழித்து விரிப்புப் போடும். சிறிய ஆலைக்குக் கடன் உதவி இல்லாவிட்டால் அது மூடிவிடும், குலை விற்கச் சிறுதோட்டக்காரர் இன்னும் முப்பது கிலோமீட்டர் போக வேண்டியிருக்கும்.

சரி, யார் எதைக் கேட்பது

நான் எழுதி அனுப்பும் கருத்தில் ஐந்தாண்டு மொத்த உச்சவரம்பைத்தான் முதலில் கேட்பேன். உச்சத்துக்கு ஓர் எண்ணோடும், காட்டுக் கணக்கைத் தனி வரிசையில் வைத்தும். அதற்குள் ஆலை மீத்தேனுக்கென்று தனி இலக்கு. 2050 இருக்கட்டும், வழிகாட்டியாக. அடர்வு எண்ணை 2030-ஓடு விட்டுவிடலாம்.

ஆனால் உங்கள் இடம் வேறாக இருந்தால் முதல் கோரிக்கையும் வேறாகலாம். ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் மீத்தேன் இலக்கையே முதலில் கேட்கட்டும். குழந்தைகளின் மூக்குக்கு அது சீக்கிரம் கிடைக்கும் நிவாரணம். கரிமண்ணில் ஐந்து ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர், நீர்மட்டத் தடுப்புக்கு உதவித்தொகை கேட்டு, அதற்கு ஈடாக நிலத்துறை இலக்கை ஆதரிக்கலாம். பள்ளி மாணவர்கள் தூர ஆண்டை விடக் கூடாது, ஆனால் அதற்கு முன்னால் ஒவ்வோர் ஐந்தாண்டுக்கும் ஓர் எண் கேட்க வேண்டும்.

மின்நிலையத்தில் குத்தகை வேலை பார்க்கும் அந்தத் தம்பி என்னிடம் கேட்டது வேறு. "அக்கா, 2044-க்கு முன்னால மூடுவாங்கன்னா எங்களுக்கு எப்ப சொல்லுவாங்க?" அவருக்கு 38 வயது. தோட்டம் துண்டாடப்பட்டபோது அவருடைய தாத்தா வீட்டுக்கு மூன்று மாதத்தில் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்ததாம். அதனால் அவருக்காக நான் எழுதிக் கொடுத்த வரி இது: எந்த இலக்காக இருந்தாலும், அதனால் மூடப்படும் ஒவ்வோர் இடத்துக்கும் மூடும் ஆண்டு குறைந்தது ஐந்து ஆண்டுக்கு முன்பே அறிவிக்கப்பட வேண்டும், குத்தகைத் தொழிலாளர்களின் பெயர்களும் மறுபயிற்சிப் பட்டியலில் இருக்க வேண்டும்.